நெடுவரிசைக்கு நாமே எழுதும் தரவு வகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தரவுத்தள அட்டவணையில் ஜேசான் (தரவை உரையாக எழுதும் வடிவம்) நெடுவரிசையை டிக்‌ஷனரியாக (சாவி–மதிப்பு இணைகளின் தொகுப்பாக) மாற்றித் தரும் வகை ஒன்றை, பைத்தானின் தரவுத்தள நூலகமான எஸ்கியூஎல்ஆல்கெமியின் டைப்டெக்கரேட்டர் வகுப்பைக் கொண்டு எழுதினேன். படிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் டிக்‌ஷனரிக்குள் ஒரு மதிப்பை மாற்றி கமிட் செய்தால் மாற்றம் சேமிக்கப்படுவதில்லை; பிழைச் செய்தியும் வருவதில்லை. ஏன்?

பதில்: எழுதும்போது ஒரு மாற்றம், படிக்கும்போது ஒரு மாற்றம் என்று இரண்டு செயற்கூறுகளோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணிவிடுகிறார்கள், மதிப்பு மாறியிருக்கிறதா என்பதை ஓஆர்எம் (நிரலின் பொருள்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் எஸ்கியூஎல்ஆல்கெமி போன்ற கருவி) எப்படி அறிகிறது என்ற மூன்றாவது பகுதி விடுபட்டுவிடுகிறது. பொருளின் பண்புக்குப் புதிய மதிப்பை ஒதுக்கினால்தான் எஸ்கியூஎல்ஆல்கெமிக்குச் செய்தி போகும். டிக்‌ஷனரியின் உள்ளே நடப்பது அதன் கண்ணில் படாது. ஆகவே உங்கள் வகையை, உள் மாற்றங்களைத் தெரிவிக்கும் மியூட்டபிள்டிக்ட் வகுப்பின் வழியே அறிவியுங்கள். அதுவும் மேல்மட்டச் சாவிகளை மட்டுமே கண்காணிக்கும் என்பதால், டிக்‌ஷனரிக்குள் இருக்கும் டிக்‌ஷனரியை மாற்றினால் பழைய சிக்கலே திரும்பும். உள்ளடுக்குகள் உட்பட முழுவதையும் நகலெடுத்து, நகலை மாற்றி, அதையே பண்புக்கு ஒதுக்குவது எனக்குப் பிடித்த வழி. டாட்நெட்டின் ஓஆர்எம்மான என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரில் இதே பணிக்கு வேல்யூகம்பேரரும், ஜாவாவின் ஓஆர்எம்மான ஹைபர்நேட்டின் யூசர்டைப்பில் ஒப்பீட்டுக்கும் ஆழ்நகலுக்குமான செயற்கூறுகளும் இருக்கின்றன.

கேள்வி: ஜாவாவில் ஈனம் (enum, முன்கூட்டியே வரையறுத்த மதிப்புகளின் பட்டியல்) மதிப்புகள் எண்களாகச் சேமிக்கப்படுகின்றன. இதை அப்படியே விடலாமா?

பதில்: விட வேண்டாம். ஜாவாவின் ஓஆர்எம் தரமான ஜேபிஏவில் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஈனத்தின் வரிசை எண்ணே சேமிக்கப்படும். பின்னொரு நாள் யாரேனும் பட்டியலின் நடுவில் ஒரு மதிப்பைச் செருகினால், அதற்குப் பின்னுள்ளவற்றின் பழைய பதிவுகள் யாவும் சத்தமின்றிப் பொருள் மாறிவிடும். ஜேபிஏ 2.1 முதல் கிடைக்கும், பண்பின் மதிப்பை மாற்றித் தரும் அட்ரிபியூட் கன்வர்ட்டரைக் கொண்டு ஒவ்வொரு மதிப்புக்கும் மாறாத குறுங்குறியீடு ஒன்றைச் சேமியுங்கள். அப்போது ஈனத்தைச் சேமிக்கும் விதத்தைச் சொல்ல அந்தப் பண்பில் உள்ள எனுமரேட்டட் குறிப்பை நீக்கிவிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள எண்களை இன்றைய வரிசைப்படி புதிய நெடுவரிசைக்கு மாற்றிய பிறகே பழையதை நீக்குங்கள்.

கேள்வி: நல் (null, மதிப்பே இல்லாத நிலை) மதிப்பை என் மாற்றி கவனிக்க வேண்டுமா?

பதில்: கருவியைப் பொறுத்தது. எஸ்கியூஎல்ஆல்கெமியிலும் ஜேபிஏவிலும் அது உங்கள் குறிமுறைக்கு வந்து சேரும். முதல் வரியிலேயே சோதித்துவிடுங்கள். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் இயல்பாக நல் மதிப்பை மாற்றியிடம் அனுப்புவதில்லை.

கேள்வி: மின்னஞ்சல் முகவரியைக் குறியாக்கிச் சேமிக்கும் வகை எழுதினேன். முகவரியைத் தேடினால் எந்தப் பதிவும் கிடைப்பதில்லை.

பதில்: தேடலில் தரும் மதிப்பும் உங்கள் மாற்றியின் வழியாகவே போகிறது. நல்ல குறியாக்கம் ஒவ்வொரு முறையும் புதிய தற்போக்கு எண்ணைச் சேர்ப்பதால் ஒரே முகவரி இரண்டு முறை ஒரே வடிவம் பெறாது. பொருந்தாததற்கு அதுவே காரணம். இதற்காகக் குறியாக்கத்தைத் தளர்த்திவிடாதீர்கள். முகவரியைச் சிற்றெழுத்தாக்கி, ரகசியச் சாவியுடன் கணக்கிட்ட ஹெச்மேக் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விளைவு தரும் சுருக்கம்) மதிப்பைத் தனி நெடுவரிசையில் வைத்து, அதற்கு இண்டெக்ஸ் அமைத்து, முழுப் பொருத்தத்துக்கு அதில் தேடுங்கள். முகவரியின் ஒரு பகுதியை மட்டும் கொண்டு தேடும் லைக் தேடலுக்கு இவ்வழி உதவாது.