தேர்தல் செலவுக்குப் பணம் கொடுப்பவருக்காகத்தான் மக்கள் பிரதிநிதிகள் வேலை செய்கிறார்களா?

அமெரிக்காவில் எம்.பி.க்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து நன்கொடை கேட்டு போன் போடுகிறார்களே, அது அவர்களை மாற்றாதா, நம் ஊரில் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் உள்ளாட்சித் தேர்தலில் நீங்களே நிற்க யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் பக்கம் போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை, பணம் தானாக வீடு தேடி வரும்.

எங்கள் ஊர் கோவை, திருப்பூர் பக்கம், சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து 16 விசைத்தறி ஓட்டினார்கள். கூலிக்கு நெசவு. உற்பத்தியாளர் பாவும் (தறியில் நீளவாக்கில் பூட்டும் நூல்) ஊடை நூலும் (குறுக்கே ஓடும் நூல்) அனுப்புவார், நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அவர் பாவு அனுப்பவில்லை என்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். சித்தப்பா பேரூராட்சி வார்டுக்கு நின்றார். யார் வீட்டில் இழவு என்றாலும் முதல் ஆளாக நிற்பவர், சாக்கடை அடைத்தால் கூடவே நின்று எடுக்க வைப்பவர். ஊர்க்காரர்கள்தான் நிற்கச் சொன்னார்கள். கட்சி நேர்காணலில் அதெல்லாம் பேச்சுக்கே வரவில்லை. "எவ்வளவுங்க செலவு பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். "பண்ணிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பண்ண எங்கே பணம்? ஜனவரியிலிருந்தே கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றிருந்தன. முந்தைய நவம்பரில் பேசி முடித்த கூலி உயர்வு, சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம், கைக்கு வரவில்லை என்றுதான் வேலைநிறுத்தம். எங்கள் 16 தறியும் நின்றன. ராத்திரியும் பகலும் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். அந்த ஒரு மாதம் வீட்டில் தூக்கமே வரவில்லை.

வேட்புமனு முடிந்த மறுநாள் உற்பத்தியாளரின் மேனேஜர் டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்தார். துணிப்பையில் ஆறு கட்டு, எல்லாம் 500 ரூபாய்த் தாள். 3 லட்சம். "மொதலாளி குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. ஒண்ணும் எழுதிக்க வேண்டாமுன்னாருங்க." சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து எண்ணினார். தாள் புரளும் சத்தம் உள்ளே சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. அப்பா, "வாங்கறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கோணுமல்லோ?" என்று மட்டும் சொன்னார். அம்மாதான் விடவில்லை. "மொய்யின்னா நம்ம ஊட்டு விசேஷத்துக்கு அவிங்க, அவிங்க ஊட்டு விசேஷத்துக்கு நாம. இதை எந்த விசேஷத்துல திருப்பி வெப்பீங்க?"

நான் பி.காம். அதனால் செலவுக் கணக்கு நோட்டு என்னிடம். கொடி, துண்டு, ஆட்டோவுக்கு மைக், டீ, பூத் ஏஜெண்டுகளுக்குச் சாப்பாடு. இதெல்லாம் பெரிய தொகையே இல்லை. எதிர் வேட்பாளர் ஓட்டுக்கு 500 கொடுக்கிறார் என்று தெரிந்த அன்று ராத்திரி நாங்களும் கொடுத்தோம். ஆம், கொடுத்தோம். "நீயே குற்றவாளி, நீ என்ன பேசுவது" என்று பின்னூட்டம் எழுதப் போகிறவர்களே, எழுதுங்கள். ஆனால் நோட்டில் இருப்பதை மறைத்துவிட்டு இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுத முடியாது. கட்சிப் பெயரைச் சொல்லாததற்கும் பயம் காரணமில்லை. எதிர்த்து நின்ற கட்சியின் நோட்டிலும் இதே கணக்குதான் இருந்திருக்கும்.

வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு கூலி நெசவாளர்கள் உண்ணாவிரதப் பந்தல் போட்டார்கள். சித்தப்பாவுக்கு மேடையில் நாற்காலி போட்டுவைத்துக் கூப்பிட்டார்கள். 30 வருடம் அவர்களோடு ஒரே டீக்கடையில் நின்றவர். சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டார். அப்போது போன் அடித்தது. உற்பத்தியாளர். போகாதே என்று அவர் சொல்லவே இல்லை, நான் பக்கத்திலேயே நின்றேன். "பிரச்சாரம் எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டார், அவ்வளவுதான். சித்தப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தலைவலி என்று சொல்லி என்னை அனுப்பினார். அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நான் நின்றது எனக்குத்தான் தெரியும்.

41 ஓட்டில் ஜெயித்தார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தப் பந்தலில்தான் இருக்கிறது. பணம் கொடுத்தவர் இதைச் செய், அதைச் செய் என்று உத்தரவு போடுவார் என்று நினைக்கிறோம். போட வேண்டியதே இல்லை. வாங்கியவருக்கு எந்த இடத்தில் வாய் திறக்கக் கூடாது என்று தானாகத் தெரிந்துவிடுகிறது. ஒரு வார்டுக்கே இப்படி. சட்டமன்றத் தொகுதிக்கு வேட்பாளர் செலவு வரம்பை 2022 ஜனவரியில் 40 லட்சமாக உயர்த்தினார்கள், கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. கரூர் பக்கம் அரவக்குறிச்சியில் பண விநியோகம் கட்டுக்கடங்காமல் போய், 2016இல் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்து நவம்பரில் மறுபடி நடத்தியது. மேல்மட்டத்தில் தேர்தல் பத்திரம், அதாவது பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கும் பத்திரம். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் வெளியே வந்தது. வெளியான பட்டியலில் அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது நம் கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய்க்கு. தமிழ்நாட்டில் 2003லிருந்தே லாட்டரிக்குத் தடை.

பணமில்லாதவன் நிற்கவே முடியாதா என்றால், 1996இல் எங்கள் கொங்கு விவசாயிகள் நின்று காட்டினார்கள். தங்கள் கோரிக்கையைக் கேட்க ஆளில்லை என்று ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் மனு மேல் மனுவாகப் போட்டு, மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அப்போது டெபாசிட் 250 ரூபாய். அதே வருடம் சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள், இன்று 10,000. கேட்ட கோரிக்கைக்குப் பதில் சொல்லாமல் கட்டணத்தை ஏற்றினால் என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் கோபம் உண்டு.

      

போன வருடம் சித்தப்பா நான்கு தறியைப் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் விற்றார். அந்தக் காசோடு சீட்டுப் பணத்தையும் போட்டு 3 லட்சத்தை அதே துணிப்பையில் கொண்டுபோய் வைத்தார். "எதுக்குங்க அவசரம்?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார் உற்பத்தியாளர். அடுத்த கூலிக் கூட்டத்துக்குச் சித்தப்பா போனார், பேசினார். அதற்குப் பிறகு எங்களுக்குப் பாவு தாமதமாகத்தான் வருகிறது. இந்த வாரமும் மீதி 12 தறியில் மூன்று பாவில்லாமல் நிற்கிறது.