இன்ஜினீயரிங் கேள்வி பதில்: கடைசி வருட ப்ராஜெக்டுக்கு எதை எடுப்பது?

ஏழாம் செமஸ்டர் தொடங்கும் நேரம். அதனால் இந்த இதழில் ப்ராஜெக்ட் தேர்வு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்தந்தத் துறையில் மாணவர்களுக்கு வழிகாட்டுபவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் ‘கேப்ஸ்டோன் டிசைன்’ என்ற பெயரில் மூன்று வழிகள் தருகிறார்கள். கம்பெனி கொடுக்கும் வேலை, பேராசிரியரின் ஆராய்ச்சியில் ஒரு பகுதி, அல்லது சொந்த யோசனை. எதில் சேர்வது?
(மெக்கானிக்கல் மாணவர், கோவை)

பதில்: எதில் சேர்ந்தாலும் முதல் கூட்டத்திலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: “கடைசி ரிவ்யூவில் எந்த எண்ணைக் காட்டப் போகிறோம்?” நேரமா, எடையா, வாட்டா, மில்லிமீட்டரா? இதற்கு ஒரு வரியில் பதில் வராத தலைப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். என்ன வந்தால் முடிந்தது என்று தெரியாத வேலை இழுத்துக்கொண்டேதான் போகும்.

கம்பெனி வேலையில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு அவசரமான வேலை என்றால், நீங்கள் செமஸ்டர் தேர்வு எழுதி முடிப்பதற்குள் அவர்களே செய்துவிடுவார்கள். யாருக்குமே தேவைப்படாத வேலை என்றால், ட்ராயிங் கேட்டு மெயில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். இல்லாவிட்டாலும் உற்பத்தி ஓடும், இருந்தால் சூப்பர்வைசருக்குத் தலைவலி குறையும் என்கிற ரக வேலையைத் தேடுங்கள்.

உங்கள் ஊரில் பம்ப் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. பம்பின் வெளிக்கூடான கேஸிங்கைப் பிடித்துக்கொண்டு, துளை சரியான இடத்தில் விழ ட்ரில்லுக்கு வழிகாட்டும் ட்ரில் ஜிக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கேஸிங்கை மாட்டிக் கழற்ற ஆகும் நேரம், துளை இடம் விலகும் அளவு என்று அளப்பதற்கு இரண்டு எண்கள் உடனே கிடைக்கின்றன. புது ஜிக்குக்கு இரும்பு வாங்குவதற்கு முன்பே, பழைய முறையில் ஒரு முப்பது கேஸிங்குக்காவது ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஜிக்கைச் செய்து ஷாப்பில் கொடுத்த பிறகு பழைய முறைக்குத் திரும்பி அளக்க யாரும் மெஷினை விட்டுத்தர மாட்டார்கள். ஒப்பிட ஒன்றுமில்லாமல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிற்க வேண்டி வரும்.

துளையின் இடத்துக்கு ±0.1 மி.மீ. டாலரன்ஸ் (விலக அனுமதிக்கும் அளவு) என்றால், ஜிக்கின் டாலரன்ஸ் அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். தேய்ந்த கல்லூரி மெஷினில் அது வருவது கஷ்டம். வெளியே வி.எம்.சி.யில் (கணினி இயக்கும் மெஷினிங் சென்டரில்) கொடுக்க வேண்டியிருக்கும், அங்கே கூலியும் உண்டு, க்யூவும் உண்டு. லொகேட்டிங்கை, அதாவது கேஸிங் ஜிக்கில் உட்காரும் இடத்தை, மெஷினிங் செய்த முகத்தில் வையுங்கள். வார்ப்புத் தோலின் மேல் வைத்தால் ஒவ்வொரு காஸ்டிங்கும் ஒவ்வொரு உயரத்தில் உட்காரும். ஜிக் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கம்பெனியிடம் கேட்க வேண்டியவை சில. தொடர்புக்கு யார், அவர் மாறுதலாகிப் போனால் அடுத்து யார்? ஷிஃப்ட் நேரத்தில் உள்ளே விடுவார்களா? அவர்கள் ட்ராயிங்கையும் அளவுகளையும் ரிப்போர்ட்டில் போடலாமா? ரகசிய ஒப்பந்தம் என்று சொன்னால், எக்ஸ்டர்னலுக்கு (வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு) காட்டலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மார்ச் மாதம் பைண்டிங் கடையில் நின்றுகொண்டு இதைக் கேட்டால் பதில் வராது.

பேராசிரியரின் ஆராய்ச்சியில் கருவியும் இருக்கும், சந்தேகம் கேட்க ஒரு ஸ்காலரும் இருப்பார். உங்கள் பங்கு எது என்பதுதான் மங்கலாக இருக்கும். “இதில் எந்த கிராஃப் எங்களுடையது?” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த யோசனையில் சுதந்திரம் அதிகம், ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல ஆள் கிடையாது. ஆறு வாரத்துக்குள் அட்டையிலோ ப்ளைவுட்டிலோ அசிங்கமாகவாவது ஓடும் ஒரு மாடல் வரவில்லை என்றால் தலைப்பைச் சுருக்குங்கள்.

உங்கள் ஊரைப் பார்த்துச் சொல்வதென்றால், கம்பெனி வேலைக்கே எங்கள் ஓட்டு. மேலே சொன்னவற்றுக்குச் சரியான பதில் கிடைத்தால் மட்டும்.

கேள்வி: மண் ஈரத்தைப் பார்த்துத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி செய்ய ஆசை. ‘பத்து வருஷமா இதையேதான் செய்றாங்க’ என்று கைடு தயங்குகிறார். விட்டுவிடலாமா?
(இ.சி.இ. மாணவி, திருநெல்வேலி)

பதில்: கைடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்சார், இ.எஸ்.பி.32 என்ற வைஃபை உள்ள கன்ட்ரோலர் போர்டு, பம்பை ஆன் ஆஃப் செய்யும் ரிலே, மொபைலில் ஒரு ஆப் என்று நிறுத்தினால் அது இரண்டு நாள் வேலை. அதையே ஒரு டிசைன் ப்ராஜெக்டாக மாற்றவும் முடியும். சென்சார் காட்டும் எண்ணுக்கும் மண்ணில் உண்மையிலேயே இருக்கும் ஈரத்துக்கும் என்ன உறவு என்று நீங்களே அளந்து நிறுவ வேண்டும். பெரும்பாலான பேட்ச்கள் (ப்ராஜெக்ட் குழுக்கள்) தாண்டிப் போகும் இடம் இதுதான்.

நீங்கள் பயன்படுத்தப் போகும் வயலின் மண்ணை எடுங்கள். சிவில் துறை லேபில் உள்ள அவனில் 105 முதல் 110 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் உலர்த்துங்கள். 1 கிலோ உலர்மண்ணுக்கு 50 மி.லி. தண்ணீர் கலந்தால் எடைக்கணக்கில் 5 சதவீத ஈரம். இப்படி 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று தனித்தனி டப்பாக்களில் கலந்து, மூடி ஓர் இரவு வைத்து, ஒவ்வொன்றிலும் சென்சாரை ஒரே ஆழத்தில், ஒரே அளவு அழுத்தி நிரப்பிய மண்ணில் செருகி எண்ணை எழுதுங்கள். செம்மண்ணுக்கு வரும் கோடு கரிசலுக்கு வராது. அந்த இரண்டு கோடுகளையும் ஒரே கிராஃபில் காட்டினாலே உங்கள் ப்ராஜெக்ட் மற்றதிலிருந்து பிரிந்து நிற்கும்.

சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். முள்கரண்டி மாதிரி இரண்டு கால் உள்ள மலிவு சென்சாரில் மண் வழியாக நேர்மின்சாரம் ஓடுவதால் மின்னாற்பகுப்பில் ஒரு கால் அரித்துப்போகும். சில வாரங்களில் எண்ணும் நகர்ந்துவிடும். கெப்பாசிட்டிவ் வகையை வாங்கி, மேலே உள்ள எலெக்ட்ரானிக் பகுதிக்கும் போர்டின் ஓரங்களுக்கும் எபாக்ஸியோ வார்னிஷோ பூசுங்கள். இ.எஸ்.பி.32-இல் அனலாக் எண்ணைப் படிக்கும் பின்கள் ஏ.டி.சி.1, ஏ.டி.சி.2 என்று இரண்டு தொகுதி; வைஃபை ஓடும்போது ஏ.டி.சி.2 பின்களில் படிக்க முடியாது. சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள ஏ.டி.சி.1 பின்களில் ஒன்றில் கொடுங்கள். ‘வைஃபை இல்லாமல் வேலை செய்தது, ஆப்பை இணைத்ததும் நின்றுவிட்டது’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பின்தான்.

பம்ப் ஓடத் தொடங்கும் கணத்தில் போர்டு ரீசெட் ஆனால் ப்ரோக்ராமில் தப்பு தேடாதீர்கள். மோட்டார் இழுக்கும் தொடக்க மின்னோட்டத்தில் வோல்டேஜ் சரிகிறது. 12 வோல்ட் பம்புக்குத் தனி வழி, போர்டுக்கு வோல்டேஜைக் குறைத்துத் தரும் தனி பக் கன்வர்ட்டர், போர்டின் அருகே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, பம்பின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு. ரிலேக்குப் பதில் மாஸ்ஃபெட் (எலெக்ட்ரானிக் சுவிட்ச்) போடுவதாக இருந்தால் ஐ.ஆர்.எஃப்.540 வேண்டாம். அது முழுதாகத் திறக்க ‘கேட்’ என்ற காலில் 10 வோல்ட் கேட்கும். நம் போர்டு தருவது 3.3. பாதி திறந்த நிலையில் சூடாகிக்கொண்டே இருக்கும். 3.3 வோல்ட்டிலேயே திறக்கும் லாஜிக் லெவல் வகை என்று டேட்டாஷீட்டில் பார்த்து வாங்குங்கள்.

கடைசி ரிவ்யூவுக்கான எண்? ஒரே செடி, ஒரே மண், இரண்டு வரிசைத் தொட்டிகள். ஒன்றுக்கு டைமர், மற்றதற்கு உங்கள் கருவி. நான்கு வாரத்தில் எதற்கு எத்தனை லிட்டர் செலவானது என்று காட்டுங்கள். உங்கள் கருவி அதிகம் குடித்திருந்தால் அதையும் அப்படியே காட்டி, ஏன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: சிமென்ட்டில் ஒரு பகுதிக்குப் பதில் ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) கலந்த கான்கிரீட் எடுக்கலாம் என்று இருக்கிறோம். எட்டாம் செமஸ்டரில் தொடங்கினால் போதுமா?
(சிவில் மாணவர்கள், திருச்சி)

பதில்: போதாது. கணக்கைப் பாருங்கள். 0, 10, 20, 30, 40 சதவீதம் என்று ஐந்து கலவை. ஃப்ளை ஆஷ் மெதுவாக வினைபுரியும் சரக்கு; வார்த்த க்யூப்பை (கான்கிரீட் கட்டியை) 7, 28 நாளில் மட்டும் உடைத்து வலிமை பார்த்தால் ‘கலந்தால் வலிமை குறைகிறது’ என்ற அரைகுறை முடிவே வரும். 56 நாள் சோதனையும் தேவை. ஆக 5 கலவை, 3 வயது, ஒவ்வொன்றுக்கும் 3 க்யூப்: 45 க்யூப். 150 மி.மீ. க்யூப் ஒன்று சுமார் 8 கிலோ, அதாவது 360 கிலோவுக்கு மேல் கான்கிரீட்டைக் கலந்து, தூக்கி, க்யூரிங் தொட்டியில் இடம் பிடிக்க வேண்டும்.

ஒரு கலவையின் 9 க்யூப்பையும் ஒரே நாளில் போட வேண்டும். லேபில் மோல்டு எத்தனை, மற்ற பேட்ச்களுக்கு எந்தக் கிழமை என்று முதலில் விசாரியுங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் மோல்டைப் பிரிக்க முடியும் என்பதால் 9 முதல் 17 மோல்டு வரை இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு கலவைதான். கடைசி வார்ப்புக்குப் பின் எட்டு வாரம் எண்ணி, அந்தத் தேதி ரிப்போர்ட் தேதிக்கு முன்னால் விழுகிறதா என்று பாருங்கள். எங்கள் யோசனை: ஏழாம் செமஸ்டரிலேயே பொருள் சோதனைகளையும் ட்ரயல் மிக்ஸையும் முடித்துவிடுங்கள்.

ஃப்ளை ஆஷை ஒரே இடத்தில், ஒரே தடவையில் வாங்குங்கள். நெய்வேலியில் எரிப்பது லிக்னைட், அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் வேறு ரகம். பாதியில் தீர்ந்துபோய் இன்னொன்றை வாங்கினால் கிராஃப் அர்த்தமற்றதாகிவிடும். உடைக்கும்போது மூன்று க்யூப்பில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் கான்கிரீட் சோதனைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 516-படி அந்தத் தொகுப்பை ஏற்க முடியாது. ஆகவே கலவைக்கு ஒரு க்யூப் கூடுதலாகப் போட்டு வையுங்கள்.

கேள்வி: இலை நோயைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் மாடல் 99 சதவீதம் துல்லியம் காட்டுகிறது. இனி ரிப்போர்ட் எழுதலாம்தானே?
(சி.எஸ்.இ. மாணவர், சேலம்)

பதில்: நீங்கள் பயன்படுத்தியது பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப் படத்தொகுப்பு என்று ஊகிக்கிறோம். அதிலுள்ள படங்கள் பறித்த இலையைச் சீரான பின்னணியில் வைத்து எடுத்தவை. 2016-இல் அதே தொகுப்பில் 99.35 சதவீதம் எட்டிய ஆய்வாளர்கள், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31.4 சதவீதத்துக்கு விழுந்ததை அவர்களே எழுதியிருக்கிறார்கள். உங்கள் ப்ராஜெக்ட் இனிமேல்தான் தொடங்குகிறது. ஒரே பயிர், இரண்டு மூன்று நோய் போதும். தோட்டத்தில் காலை, உச்சிவெயில், மாலை என்று சில நூறு படங்களை நீங்களே எடுத்து, வேளாண் அலுவலர் ஒருவரிடம் காட்டிப் பெயரிடச் சொல்லுங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் படங்களைப் பிரித்த பிறகே அவற்றைத் திருப்பி, வெட்டி எண்ணிக்கையைப் பெருக்குங்கள். முதலில் பெருக்கிவிட்டுப் பிரித்தால் ஒரே இலை இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு பொய்யான 99 காட்டும். ஒரே செடியின் படங்களையும் இரண்டு பக்கமும் சிதறவிடாதீர்கள்.

கேள்வி: ப்ராஜெக்ட் சென்டரில் கிட், கோடு, ரிப்போர்ட் எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். வாங்கினால் என்ன?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: ஓட்டலில் வாங்கிவந்த சாம்பாருக்குப் பக்குவம் சொல்லச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் வைவாவில் ஆகும். ‘இந்த ரெசிஸ்டர் ஏன் 4.7கே? 10கே போட்டால் என்ன ஆகும்?’ என்று ஒரு கேள்வி போதும். அதே ரிப்போர்ட் வேறு கல்லூரிகளுக்கும் போயிருக்கும், ஒப்பீட்டு மென்பொருளில் மாட்டும். பி.சி.பி. அச்சடிப்பது, லேசர் கட்டிங், வெல்டிங் போன்ற கைவேலைகளைக் காசு கொடுத்துச் செய்துகொள்வதில் தவறில்லை. ரிப்போர்ட்டில் அதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பேட்சில் நால்வரும் நண்பர்கள். அது நல்லதா, கெட்டதா?
(இ.இ.இ. மாணவி, மதுரை)

பதில்: நட்பைவிட நேரத்தைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் எட்டாம் செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு 10 கிரெடிட், வாரத்துக்கு 20 மணி நேரம். ப்ளேஸ்மென்ட் கிடைத்த கம்பெனி ஜனவரியிலேயே இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிட்டால் யார் யார் போவீர்கள் என்று இப்போதே பேசிவிடுங்கள். போகிறவருக்கு ஏழாம் செமஸ்டரில் முடியக்கூடிய பகுதியைக் கொடுங்கள்: சர்க்யூட் டிசைன், சிமுலேஷன், பொருள் வாங்குவது. சோதனையும் அளவெடுப்பும் ஊரில் இருப்பவர்களிடம் இருக்கட்டும். கோடு ஒருவரின் லேப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது.

கேள்வி: பொருள்களை எப்போது வாங்குவது? பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?
(மெக்கட்ரானிக்ஸ் மாணவர், சென்னை)

பதில்: சுலபமாக எரிந்துபோகும் பாகங்களில் இரண்டு வாங்குங்கள், கன்ட்ரோலர் போர்டு, மோட்டார் டிரைவர், சென்சார் இந்த வகை. மோட்டார், பேட்டரி போன்ற பெரிய செலவை முதல் மாடல் ஓடிய பிறகு செய்யுங்கள். டார்க் (சுழற்றும் விசை) கணக்கு போடாமல் வாங்கிய மோட்டாரைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். எல்.298என் டிரைவர் தானே சுமார் 2 வோல்ட் விழுங்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்குப் போவது 10தான். மொத்தத்தில் கால் பங்கைத் தொடாமல் வைத்திருங்கள், அது டெமோவுக்கு முந்தைய வாரத்தில் செலவாகும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கத்திலேயே இருக்கிறது என்ற தைரியத்தில் கடைசி நாள்வரை தள்ளாதீர்கள். அந்த நேரத்தில் மற்ற கல்லூரிக்காரர்களும் அதே சென்சாரைத் தேடி அங்கேதான் நிற்பார்கள்.