அம்பயர் தவறாகக் கொடுத்த விக்கெட்டில் ஜெயித்தோம், கோப்பையைத் திருப்பித் தர வேண்டுமா?

கேள்வி: நான் ஒரு கிளப் அணியின் கேப்டன். இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு நாலு ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். கீப்பர் கேட்ச் என்று கத்தினார், நாங்களும் கத்தினோம், அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். பந்து பேட்டில் படவே இல்லை என்று அன்று இரவு கீப்பர் என்னிடம் சொல்கிறார். இப்போது வெளியே சொன்னால் கோப்பை போய்விடுமா?

பதில்: போகாது. ஆட்டம் முடிந்து ஸ்கோர் சரிதான் என்று அம்பயர்களும் ஸ்கோரர்களும் ஒத்துக்கொண்டுவிட்டால் அதன் பிறகு முடிவை மாற்ற முடியாது என்கிறது, கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி கிளப்பின் விதி 16. நீங்களும் எதிரணி கேப்டனும் சேர்ந்து போய்க் கேட்டாலும் மாறாது. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஓவர்த்ரோவுக்கு (ஃபீல்டர் எறிந்த பந்து தாண்டி ஓடியதற்கு) ஐந்து கொடுக்க வேண்டிய இடத்தில் ஆறு ரன் கொடுத்தது தவறுதான் என்று அம்பயரே பின்னால் ஒப்புக்கொண்டார், ஆனாலும் முடிவு முடிவுதான்.

ஆனால் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஃபீல்டிங் கேப்டன் அப்பீலை, அதாவது அம்பயரிடம் அவுட் கேட்டுக் கத்தியதை, திரும்பப் பெறலாம். கேப்டன் மட்டும்தான், கீப்பர் கேட்டால் செல்லாது. அம்பயரின் சம்மதமும் வேண்டும். அடுத்த பந்து ஆட்டத்துக்கு வரும்வரை நேரம் உண்டு. உங்களுக்கு நடந்த மாதிரி கடைசி விக்கெட் என்றால் அம்பயர்கள் மைதானத்தை விட்டு வெளியேறும்வரை. அதாவது நீங்கள் எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடமும் கதவு திறந்துதான் இருந்தது, கீப்பர் வாயைத் திறந்திருந்தால் பேட்ஸ்மேனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். 1980 பம்பாய் டெஸ்டில் இந்திய கேப்டன் விஸ்வநாத் இதைத்தான் செய்தார். இங்கிலாந்தின் பாப் டெய்லருக்கு கீப்பர் கேட்ச் என்று அவுட் கொடுத்தாகிவிட்டது, பந்து படவில்லை என்று ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்குத் தெரியும், அம்பயரிடம் சொல்லித் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள், இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. ஆம், தோற்றது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்ல மாட்டேன்.

இந்த வழி அப்பீல் கேட்டு விழுந்த விக்கெட்டுக்கு மட்டும். வைடு, நோபால், பவுண்டரி எதற்கும் கிடையாது.

சரி, குற்றம் யாருடையது? உங்களுக்குத் தெரியாது, அதனால் உங்கள்மேல் தப்பில்லை. தெரிந்தே கத்திய கீப்பர்மேல் இருக்கிறது. அவுட் இல்லை என்று தெரிந்தே அப்பீல் செய்வது ஆட்டத்தின் மாண்புக்கு விரோதம் என்று 2000-ஆம் ஆண்டு விதிநூலின் முன்னுரையில் நேரடியாகவே எழுதியிருந்தார்கள். 2017-இல் முன்னுரையைச் சுருக்கியபோது அந்த வரியைக் காணோம், எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. 'நீ கத்து, முடிவு பண்ண வேண்டியது அம்பயர்' என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்களுக்கு இது எவ்வளவு வசதியாகப் போய்விட்டது!

இனிமேல் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். 'கமிட்டியில் எனக்கு ஆள் இருக்கிறது, புகார் வராமல் பார்த்துக்கொள்கிறேன், கொஞ்சம் செலவாகும்' என்று யாராவது போன் செய்வார். அதே ஆள் தோற்ற அணிக்கும் போன் செய்து 'முடிவை மாற்றித் தருகிறேன்' என்பார். இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்வார், மாற்ற முடியாத ஒன்றுக்கு. ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஆட்டத்தின் வீடியோவை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்களுக்கும் இதே பதில்தான். நீங்களே உண்மையைச் சொல்லிவிட்டால் அந்த வீடியோவை யார் வாங்கப் போகிறார்கள்?

கீப்பரைக் கூட்டிக்கொண்டு எதிரணி கேப்டனை நேரில் போய்ப் பாருங்கள், குரூப்பில் எழுதிப் போடாதீர்கள். அவுட்டான பையனும் அங்கே இருந்தால் நல்லது. கீப்பரே பேசட்டும், அவர் சார்பில் நீங்கள் பேச வேண்டாம். அப்புறம் அந்த அம்பயருக்கும் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானும் பல வருஷம் விரல் தூக்கியவன். எந்தப் பந்தில் தப்பு செய்தோம் என்று யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்றுதான் இருக்கும், ஒருவரும் சொல்வதில்லை.