மசக்கையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. முதல் கர்ப்பம், ஒன்பதாவது வாரம் நடக்கிறது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். மூன்று வாரமாக ஒரு நாளைக்கு ஆறேழு தடவை வாந்தி. காலையில் சோறு கொதிக்கும் வாசனை வந்தாலே குமட்டுகிறது. தாளிக்கும்போது ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, மறுபடியும் அடுப்படியில் வந்து நிற்கிறேன். கர்ப்பமாவதற்கு முன் 52 கிலோ இருந்தேன். போன வாரம் பார்த்தபோது 49½. “நாங்களெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே நாற்று நட்டோம், இதற்குப் போய் மாத்திரை போட்டால் குழந்தைக்கு ஆகாது” என்கிறார் மாமியார். கணவர் எதிலும் தலையிடுவதில்லை. சாப்பிடாததால் குழந்தைக்குச் சத்து சேராதே என்று பயமாக இருக்கிறது. சில நேரம் இந்தக் குழந்தையே வேண்டாமோ என்றுகூடத் தோன்றிவிட்டது. அப்படி நினைத்ததற்காக அழுகிறேன். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புத் தங்கைக்கு,

நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். மாமியார், சமையல், கடை எல்லாவற்றையும் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், நீங்களே எழுதியிருக்கும் அந்த எடைதான். கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் 5 சதவீதம் குறைந்துவிட்டால் அதைச் சாதாரண மசக்கை என்று விடக் கூடாது. 52 கிலோவுக்கு 5 சதவீதம் என்பது 2.6 கிலோ. உங்களுக்கு இரண்டரை கிலோ இறங்கியிருக்கிறது, அதுவும் போன வாரக் கணக்குப்படி. ஆக நீங்கள் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பது பத்தாவது வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். இன்னும் கொஞ்ச நாள் இது கூடவும் செய்யலாம் என்பதால் இப்போதே போவதுதான் நல்லது.

பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு மசக்கை வரும். பெரும்பாலானவர்களுக்கு 16லிருந்து 20 வாரத்துக்குள் அடங்கிவிடும். சிலருக்குத்தான் எதுவுமே வயிற்றில் தங்காமல், எடை இறங்கி, உடம்பில் நீர் வற்றிப்போகும் அளவுக்குப் போகிறது. அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரும் உண்டு, தனிச் சிகிச்சையும் உண்டு. நீங்கள் அந்தப் பக்கம் போய்விடாமல் தடுக்க வேண்டும். எனக்கு இப்போதைக்கு அது ஒன்றுதான் கவலை.

உங்கள் மாமியார் வாந்தி எடுத்துக்கொண்டே நாற்று நட்டார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அவருடைய மசக்கையும் உங்களுடையதும் ஒன்றில்லை. ஜிடிஎஃப்15 என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. கரு வளர வளர நஞ்சுக்கொடியிலிருந்து அது தாயின் ரத்தத்தில் பெருகுகிறது. மூளையின் அடிப்பகுதியில் குமட்டலைத் தூண்டுகிற இடத்தில் போய் வேலை செய்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே இந்த ஹார்மோன் உடம்பில் ஓரளவு அதிகமாக இருந்தவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும், மசக்கை லேசாக முடியும். குறைவாக இருந்தவர்களுக்குத் திடீரென்று கூடும்போது உடம்பு தாங்காது. 2023 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு இதை விளக்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓ'ராஹிலியும் அமெரிக்காவின் மார்லினா ஃபெய்ஸோவும் அதில் முக்கியமானவர்கள். ஃபெய்ஸோ 1999இல் கடுமையான கர்ப்ப கால வாந்தியால் தன் குழந்தையை வயிற்றிலேயே இழந்தவர். அவர் வாந்தியை அன்று டாக்டர்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு இதற்கான காரணத்தைத் தேடுவதையே அவர் தன் வேலையாக்கிக்கொண்டார். அதனால், தெம்பு இல்லாத பெண், செல்லம் கொஞ்சும் பெண் என்று யாராவது சொன்னால் அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இது உங்கள் ரத்தத்தில் நடக்கிற விஷயம். மனதைத் திடப்படுத்திக்கொண்டால் நிற்காது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மாமியாரின் பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன், அதற்கு வரலாறு இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்தை மசக்கைக்கும் கொடுத்தார்கள். கை கால் வளர்ச்சி இல்லாமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த பிறகு 1961இல் அதை நிறுத்தினார்கள். கர்ப்பிணிக்கு மருந்து என்றாலே உலகம் முழுக்க ஒரு நடுக்கம் வந்தது அதற்கப்புறம்தான்.

இன்று டாக்டர்கள் மசக்கைக்கு முதலில் எழுதித் தருவது வேறு மருந்து. டாக்ஸிலமைன், பைரிடாக்ஸின் என்ற இரண்டும் சேர்ந்த மாத்திரை அது. பைரிடாக்ஸின் என்பது வைட்டமின் பி6தான். அமெரிக்காவில் 1950களிலிருந்தே லட்சக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள். குழந்தைக்கு ஊனம் வருகிறது என்று வழக்குகள் குவிந்ததால் 1983இல் அதைத் தயாரித்த கம்பெனி தானாகவே விற்பனையை நிறுத்திக்கொண்டது. அப்புறம் ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்ததில், இந்த மாத்திரையால் குழந்தைக்கு ஊனம் வருவதாகத் தெரியவில்லை. மாத்திரை கிடைக்காத அந்த ஆண்டுகளில் வாந்தியால் மருத்துவமனையில் சேர்ந்த பெண்கள்தான் கூடினார்கள். 2013இல் அமெரிக்க அரசு அதே கூட்டு மருந்தை மறுபடியும் அனுமதித்தது. நம் ஊரில் இது பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. தூக்கம் வரும், அதனால் வழக்கமாக இரவில் போடச் சொல்வார்கள். மெதுவாகக் கரைந்து மறுநாள் காலைக் குமட்டலைத் தணிக்கும். எத்தனை, எப்போது என்பதை டாக்டர் சொல்லட்டும். மருந்துக்கடையில் “வாந்திக்கு ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம்.

டாக்டரிடம் போனதும் ஆறேழு தடவை வாந்தி எடுப்பதையும், எடை எவ்வளவு இருந்து எவ்வளவு ஆனது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். “கொஞ்சம் வாந்தி இருக்கு டாக்டர்” என்று நம் பெண்கள் தயங்கித் தயங்கிச் சொல்வதைப் பிரசவ வார்டில் செவிலியராக இருந்த காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் என்றால் கொஞ்சமாகத்தான் பார்ப்பார்கள். சிறுநீரில் கீட்டோன் (சாப்பாடு இல்லாமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வருவது) இருக்கிறதா, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு பரிசோதனையும், இரட்டைக் குழந்தையா, கர்ப்பத்தில் வேறு கோளாறு உண்டா என்று அறிய ஸ்கேனும் தேவைப்படலாம்.

இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று வீட்டில் சொல்வார்கள். வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் வாந்தி எடுத்தவருக்கு உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றியிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளையையே பாதிக்கலாம். “சிஸ்டர், தயமின் போட்டுட்டீங்களா?” என்று கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குழந்தைக்குச் சத்து சேராதே என்று பயப்படுகிறீர்கள். ஒன்பதாவது வாரத்தில் குழந்தை ஒரு திராட்சை அளவுதான். அதற்கு இப்போது வேண்டியது மிகக் கொஞ்சம், அதை உங்கள் உடம்பின் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். காய்கறி, கீரை, முட்டை என்று கணக்குப் போட்டுச் சாப்பிடுவதெல்லாம் வாந்தி நின்ற பிறகு. இப்போதைக்கு எது தங்குகிறதோ அதுதான் உங்களுக்குச் சத்துணவு. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது இப்போதே போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அது குமட்டலைக் கூட்டும். வழக்கமாக அதை நான்காவது மாதத்திலிருந்துதான் தருவார்கள்.

வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும், நிறைந்தாலும் கூடும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி போதும். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் பொரியோ ரஸ்க்கோ பொட்டுக்கடலையோ வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் படுத்தபடியே கொஞ்சம் மென்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்திருங்கள். சூடான சாப்பாட்டுக்கு வாசனை அதிகம், ஆறினதுக்கு அவ்வளவு இருக்காது. தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் பலருக்குத் தங்கும். இட்லி, இடியாப்பம், ஆறின கஞ்சியில் கொஞ்சம் உப்பு, எதுவானாலும் சரி. தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்து மடமடவென்று குடிக்காமல், இடையிடையே ஒரு வாய் ஒரு வாயாகக் குடியுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் ஓஆர்எஸ் கரைசலை ஆறவைத்து ஸ்பூனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பாக்கெட் இலவசம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட்.

இஞ்சி கொஞ்சம் கேட்கும். தட்டிப்போட்ட இஞ்சித் தண்ணீரோ சுக்கு மல்லி காபியோ ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்கலாம். நெஞ்சு எரிந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் அளவுக்கு வாந்தி எடுப்பவருக்கு இஞ்சி மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாந்தி எடுத்ததும் பல் தேய்க்காதீர்கள், அமிலம் பட்ட பல் தேயும். தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

அப்புறம் அடுப்படி. வாசனைதான் குமட்டலைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகும் ஒரு பெண்ணைத் தாளிக்கச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த இடத்தை உங்கள் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, சமையலைப் பற்றி உங்கள் அம்மாவிடம் பேச வேண்டியது நீங்கள். மருமகள் சொன்னால் அது வேறு மாதிரிப் போய்ச் சேரும். சோறு வடிப்பதும் குழம்பு தாளிப்பதும் இன்னும் இரண்டு மாதத்துக்கு உங்கள் மனைவி கையில் இருக்கக் கூடாது. உங்களால் முடிந்ததை நீங்கள் செய்யுங்கள், முடியாத நாளில் மெஸ்ஸில் வாங்குங்கள், இல்லையென்றால் கொஞ்ச நாள் அவர் அம்மா வீட்டில் இருக்கட்டும். முதல் குழந்தை என்றால் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது நமக்கு ஒன்றும் புதிதில்லை, அதை ஏழாம் மாதம் வரை தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். மாத்திரை பற்றி டாக்டர் சொல்வதை அவரே நேரில் கேட்டால் பயம் குறையும்.

தங்கை, கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. உட்கார்ந்து செய்கிற வேலையைக் கேளுங்கள். கர்ப்பத்தால் உடம்பு முடியாமல் போனால், மகப்பேறு விடுப்புக்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு எடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. டாக்டரிடம் சான்று வாங்கி வையுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் 12 வாரத்துக்குள் செய்துவிடுங்கள், மகப்பேறு நிதியுதவிக்கு அது தேவை.

கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்களே, குழந்தையே வேண்டாமோ என்று தோன்றியதாக. மூன்று வாரம் தூங்காமல், சாப்பிடாமல், யாரும் ஏன் என்று கேட்காமல் கிடக்கிற உடம்பு அப்படித்தான் நினைக்கும். அதனால் நீங்கள் கெட்ட தாய் ஆகிவிடவில்லை. அதே வார்டில் எத்தனையோ பேர் இதைக் காதோடு காதாகச் சொல்லி அழுதிருக்கிறார்கள். வாந்தி குறையக் குறைய அந்த எண்ணமும் பெரும்பாலும் விலகிவிடும். விலகாமல் நாள் முழுக்க அழுத்தினால், இருந்து என்ன பயன் என்று தோன்றினால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். டாக்டரிடமும் இதை மறைக்காதீர்கள்.

காலை டாக்டர் நேரம் வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு, அவற்றை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்கட்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டால், எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டால், போனாலும் டீ டிக்காஷன் நிறத்தில் போனால், எழுந்தால் மயக்கம் வந்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், காய்ச்சலோ வயிற்று வலியோ உதிரப்போக்கோ இருந்தால், இரவு என்ன மணி ஆனாலும் 108ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.