"கேஸ் எங்கே போகுது?" என்று கேட்ட பையன்

கொண்டலாம்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு, வணக்கம்.

அன்றைக்கு வெளியே ஆறேழு பேர் காத்திருந்ததால் உங்களோடு நிதானமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பையன் பத்தாவது முடித்துவிட்டான், மதிப்பெண் சுமார். லீவில் ஒரு ஏசி மெக்கானிக்கோடு ஹெல்பராகப் போனவன், இப்போது ஐடிஐ-யில் ஏசி படிக்கிறேன் என்கிறான். அவன் அப்பாவுக்கு பிளஸ் டூ, அப்புறம் இன்ஜினியரிங். நீங்கள் கேட்டது வேறு: "கேஸ் அடிக்கிற வேலைக்கு ரெண்டு வருஷம் படிப்பா சார்? அந்த அண்ணன்கிட்டயே கத்துக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. பதிலுக்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

இரண்டு வருடம் தொடர்ந்து, சித்திரை பிறந்தால் எங்கள் ஏசியில் குளிர் நின்றுவிடும். ஒருவர் வருவார், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டுவார், "கேஸ் கம்மி சார்" என்பார். கால் மணி நேரத்தில் கேஸ் ஏற்றி, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மூன்றாம் வருடம் அவர் கிடைக்கவில்லை, வேறொரு இளைஞர் வந்தார். கேஜை எடுக்கவே இல்லை. முதலில் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஃபில்டர் அடைத்திருந்தாலும் உள்ளே குளிர்கிற காயிலில் ஐஸ் கட்டும், கேஸ் குறைந்தாலும் கட்டும். இது தெரியாதவர்தான் நல்ல மெஷினில் கூடுதலாக கேஸை ஏற்றிவிட்டுப் போகிறார். அப்புறம் மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டில் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டை விரலால் தடவினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பு நுரையைத் தடவிவிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னார். கடுகளவு குமிழி ஒன்று ஊதி உடைந்தது, மறுபடி ஊதியது.

"கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகாது சார். உள்ளேயேதான் சுத்திட்டு இருக்கும். குறையுதுன்னா எங்கேயோ ஓட்டை இருக்கு."

மிச்சமிருந்த கேஸைத் தனி சிலிண்டருக்கு இழுத்துக்கொண்டார். குழாய் நுனியை வெட்டி, நட்டுக்குள் பொருந்தும்படி விரித்துப் புதிதாக ஃபிளேர் போட்டார். நைட்ரஜன் ஏற்றிக் கசிவு நின்றதை உறுதிசெய்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை இழுக்கிற வேக்கம் பம்பை ஓடவிட்டார். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, யூனிட்டின் லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராம் மட்டும் ஏற்றினார். முழுதாக ஒரு காலை வேலை. அதற்குப் பிறகு மூன்று கோடை போய்விட்டது, அந்த நட்டை யாரும் தொடவில்லை. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ஐடிஐ என்றார்.

இதெல்லாம் கூடச் சுற்றியே கற்றுக்கொள்ள முடியாதா? கை வேலை வரும். காரணம் வருவது கஷ்டம். ஆர்22 என்ற கேஸ் உள்ள பழைய மெஷின் ஓடும்போது கேஜில் 60, 70 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டும். அந்த எண்ணை மனப்பாடம் செய்தே பலர் காலத்தை ஓட்டினார்கள். ஆனால் ஆர்22 ஓசோனைக் கெடுக்கும் என்று 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக விலக்கப்படுகிறது. பிறகு வந்த ஆர்410ஏ, ஆர்32 கேஸ்கள் இரண்டிலும் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல். போதாததற்கு இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், கேஜ் முள்ளும் கூடவே மாறும். முள்ளை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அதனால்தான் தராசு.

நம் ஊரிலேயே பாருங்கள். சேலத்தில் 35 டிகிரி வெயிலில் நிறுத்தி வைத்திருக்கும் ஆர்32 ஏசியில் கேஜ் 300 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும். அதே மெஷினை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் 20 டிகிரியில் வைத்தால் 200-தான். ஒரு கிராம் கேஸ்கூடக் குறையவில்லை, குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதும், வேக்கம் பம்ப் குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை அறைச் சூட்டிலேயே ஆவியாக்கி வெளியே இழுப்பதும் ஒரே பாடம்: அழுத்தம் குறைந்தால் கொதிக்கும் சூடும் குறையும். பத்தாம் வகுப்பு இயற்பியலில் தூங்கிய பிள்ளைகள் இதை ஐடிஐ பட்டறையில் விழித்துக்கொண்டு கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும்: கரண்ட், உயரம். ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும், ஆர்290 என்ற இன்னொரு கேஸ் நன்றாகவே பிடிக்கும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஏற்றிக் கசிவு பார்த்தால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். முறையாகப் படிக்காமல் இந்த வேலைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம், சர்டிபிகேட் இரண்டாவதுதான்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஐடிஐ போனால் இன்ஜினியரிங் கதவு மூடிவிடாது. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்தால் பிஇ-யிலும் நேராக இரண்டாம் வருடம். அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் தகுதி வருகிறதா என்று சேரும்போதே விசாரியுங்கள்.

தனியார் ஐடிஐ என்றால் அங்கீகாரத்தைப் பாருங்கள், அதோடு நிற்காமல் பட்டறைக்குள் போங்கள். வேக்கம் பம்ப் ஓடுகிறதா, தராசு இருக்கிறதா, ஆர்32 யூனிட் ஒன்றாவது பிரித்துப் போட்டிருக்கிறதா? எல்லாம் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். தாமிரக் குழாய்த் துண்டுகள் தரையில் கிடக்க வேண்டும்.

வருமானம் பற்றிக் கேட்டீர்கள். பங்குனி முதல் ஆனி வரை சாப்பிட நேரம் இருக்காது, ஐப்பசி மழையில் போன் அடிக்காது. வீட்டு ஏசி மட்டும் தெரிந்தவருக்கு இந்த ஏற்ற இறக்கம் வலிக்கும். அதனால் படிப்பு முடிந்ததும் கடை போடாமல், ஒரு வருடம் அப்ரண்டிஸாகக் கோல்டு ஸ்டோரேஜோ பெரிய ஆஸ்பத்திரியோ உள்ள பக்கம் போகட்டும். அங்கே மழைக்காலத்திலும் மெஷின் ஓடும்.

சேர்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் மதிப்பெண் பட்டியல் இல்லை. நீங்கள் ஃபைலில் சாதிச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தபோது பையன் மெதுவாக என்னிடம் கேட்டான்: "போற வீடெல்லாம் கேஸ் கம்மின்னுதான் அண்ணன் சொல்றாரு. அவ்ளோ கேஸும் எங்க சார் போகுது?"

சனிக்கிழமை அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். பையனும் வரட்டும், அன்றைக்கு ஒரு நாள் ஹெல்பர் வேலைக்கு லீவு சொல்லிவிடச் சொல்லுங்கள்.