நரம்பும் ஹார்மோனும்: டர்பன் தமிழர் கேட்ட கேள்விகள்

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். நம் ஆட்கள் கேட்டவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

சாட்ஸ்வொர்த்: சூடான சட்டியைத் தொட்டுவிட்டேன் அக்கா. கையை இழுத்த பிறகுதான் வலித்தது. ஏன்?

கையை இழுக்க வைத்தது மூளை இல்லை தம்பி, தண்டுவடம். செய்தி தண்டுவடம் வரை போய் அங்கிருந்தே தசைக்குத் திரும்பிவிடும். மூளைக்கு அப்புறம்தான் தெரியும். பின்னால் வரும் எரிச்சல் இன்னும் மெதுவான நரம்பில், நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில் ஊர்ந்து வரும்.

பீனிக்ஸ்: நாய் துரத்தியது. அது போன பிறகும் நெஞ்சு படபடவென்று அடித்ததே?

முதலில் இதயத்தை விரட்டியது நரம்பு. அதே நேரத்தில் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரீனல் சுரப்பியையும் நரம்பு தட்டி எழுப்பும். அது ரத்தத்தில் விட்ட அட்ரீனலின் என்ற ஹார்மோன் அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை படபடப்பு இருக்கும்.

இதற்கு நல்ல சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகிலேயே முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். அப்படிப் பொருத்தும்போது நரம்புகள் அறுபட்டுப் போகும். ஆனாலும் இதயம் தானாகவே துடிக்கும். துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி இல்லாததால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் நிமிடத்துக்கு 90, 100 என்று ஓடும். மாடிப்படி ஏறினால் உடனே வேகம் அதிகமாகாது. ரத்தத்தில் அட்ரீனலின் வந்து சேர்ந்த பிறகுதான் கூடும். உட்கார்ந்த பிறகும் மெல்லத்தான் இறங்கும். நரம்பு செய்வது எது, ஹார்மோன் செய்வது எது என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

டொங்காட்: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காவடி விரதத்தில் மதியம் கை நடுங்கி வியர்க்கிறது.

இதைப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள் அண்ணா. வயிறு காய்ந்தால் கணையம் குளுக்ககான் என்ற ஹார்மோனை விட்டு, கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை எடுக்கும். சில மாத்திரைகளோ நீங்கள் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சர்க்கரை இறங்கிவிட்டது என்று உடம்பு அடிக்கும் மணிதான் அந்த நடுக்கம். உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவைக் கேட்காமல் விரதத்தைத் தொடர வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: பேத்தி அழும் சத்தம் கேட்டாலே மகளுக்குப் பால் கசிகிறது. இது சரிதானா?

ரொம்பச் சரி அம்மா. அழுகைச் சத்தம் கேட்டதும், மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸில் உள்ள நரம்பு செல்களே, தாங்கள் செய்த, பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் ஹார்மோனை, அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வழியாக ரத்தத்தில் விடுகின்றன. அங்கே நரம்பே சுரப்பியாகிவிடுகிறது. மனக்கலக்கம் இதைத் தடுக்கும். மகளை நிம்மதியாக உட்கார விடுங்கள்.

மெரிபேங்க்: தைராய்டு மாத்திரை தொடங்கி ஒரு வாரம் ஆச்சு, ஒன்றும் தெரியவில்லை.

நிறுத்திவிடாதே தங்கச்சி. அந்த ஹார்மோன் மெதுவாகத்தான் நிலைக்கு வரும். 6 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து பார்.