வாசகர் கேள்வி: சான் விசென்டேயில் இறந்தவர் யார்?

கேள்வி: அமெரிக்க ரயில் கொள்ளையர் புட்ச் காசிடி 1908-ல் பொலிவியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று படித்தேன், பல ஆண்டுகள் கழித்து அவர் ஊர் திரும்பியதாகவும் படித்தேன். இவற்றில் எதை நம்புவது?

பதில்: முதலாவதையே நம்பலாம் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு நேரடிச் சான்று இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1866-ல் யூட்டாவில் பிறந்த ராபர்ட் லீராய் பார்க்கர் என்பவரே காசிடி. தோழர் சன்டான்ஸ் கிட்டுடன் 1901-ல் தென்னமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற அவர், சில காலம் அர்ஜென்டினாவின் சொலிலாவில் பண்ணை வைத்திருந்தார். 1908 நவம்பர் 4-ம் தேதி, பொலிவியாவில் அரமாயோ சுரங்க நிறுவனத்தின் சம்பளப் பணத்தைக் கொண்டுசென்ற கார்லோஸ் பெரோவை அந்நியர் இருவர் வழிமறித்துப் பறித்தனர். இரண்டு நாள் கழித்து, அவர்கள் சான் விசென்டே என்ற சுரங்க ஊரில் தங்கியபோது, கொண்டுவந்த கோவேறு கழுதையால் அடையாளம் தெரிந்து, படைவீரர்களுடன் துப்பாக்கிச் சண்டை நடந்தது. அதன் முடிவில் இருவரும் பிணமாகக் கிடந்தனர். தன்னிடம் பறித்தவர்கள் அவர்களே என்று பெரோ உறுதிசெய்தார். ஆனால் அவர்களின் பெயரை அவர் அறியமாட்டார். அதனால் பெயர் தெரியாதவர்களாகவே இருவரும் புதைக்கப்பட்டனர். சந்தேகங்கள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஓர் இடைவெளிதான்.

1991-ல் அவ்வூர்க் கல்லறையைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகளின் மரபணு, காசிடியின் உறவினரோடு பொருந்தவில்லை. இதை வைத்து அவர் அங்கே இறக்கவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. தோண்டிய குழி வேறொருவருடையது என்பது மட்டுமே அதனால் தெரிகிறது.

மறுபக்கத்தில் இருப்பது தங்கை லூலாவின் சொல். 1925-ல் அண்ணன் வீடு வந்து தந்தையோடு அமர்ந்து பேசினார் என்று அவர் தமது முதுமையில் எழுதினார். காசிடி வீட்டை விட்டுப் போன 1884-ம் ஆண்டில்தான் லூலா பிறந்தார். ஆகவே அண்ணனின் முகம் அவருக்கு நினைவில் இருந்திருக்க வழியில்லை. ஆனால் தந்தைக்கு மகனைத் தெரியாமல் போகுமா என்ற கேள்வி எழுவதால், அந்தக் கூற்றை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். மூத்த அண்ணன் எங்கோ அந்நிய மண்ணில் அனாதையாகப் புதைக்கப்பட்டான் என்பதை ஏற்க எந்தக் குடும்பத்துக்கு மனம் வரும்? இருப்பினும் அந்த வருகைக்கு ஒரு கடிதமோ புகைப்படமோ ஆதாரமாக வெளிவரவில்லை. 1908-க்குப் பிறகு காசிடி கைப்பட எழுதியது என்று உறுதியான கடிதம் எதுவும் கிடைக்கவும் இல்லை. தராசு பொலிவியா பக்கம் சாய்வதற்கு இந்த மௌனமே காரணம்.

கேள்வி: வயோமிங்கின் வில்காக்ஸ் ரயில் கொள்ளையை அவர்தானே நடத்தினார்?

பதில்: 1899 ஜூன் 2-ம் தேதி நடந்த அந்தக் கொள்ளை அவருடைய கூட்டாளிகளின் வேலை. அதைத் திட்டமிட்டவர் அவராக இருக்கலாம். ஆனால் ரயிலை நிறுத்தியவர்கள் முகமூடி அணிந்திருந்தனர். அவர் அந்த இடத்தில் இருந்தார் என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. அவர் சிறை சென்றது குதிரைத் திருட்டு வழக்கில் மட்டுமே.